நெடும்பாசேரி சூரிய மின்சாரமும் நம்ம முருங்கைப் பெட்டியும்: ஒரு கார்பன் கணக்கு



போன சித்திரையில் முருங்கை விலை எப்படி விழுந்ததுன்னு உங்களுக்கே தெரியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் தேறுமான்னு யோசிக்கிற நிலை. அந்த நேரம் பார்த்து, ரெட்டியார்சத்திரம் பக்கம் இருக்கும் எங்கள் இயற்கை விவசாயக் குழுவைத் தேடி ஒரு ஏற்றுமதி வியாபாரி வந்தார். கொச்சி வழியாக விமானத்தில் துபாய்க்குக் காய்கறி அனுப்புகிறவர். மார்க்கெட் விலையைவிடக் கிலோவுக்கு 12 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். கையோடு ஒரு லேபிள் மாதிரியும் கொண்டு வந்திருந்தார். அதில் "கார்பன் இல்லாத இயற்கை விளைபொருள்" என்று அச்சிட்டிருந்தது.

"விமானத்துல போற காய்க்கு எப்படிங்க கார்பன் இல்லாமப் போகும்?" என்று கேட்டேன்.

"ஐயா, நெடும்பாசேரி ஏர்போர்ட் முழுக்க சோலார்ல ஓடுது. நீங்க ரசாயனம் போடுறதில்லை. ரெண்டும் சேந்தா கார்பன் பூஜ்யம்தானே?" என்றார்.

கூட்டத்தில் இருந்த 14 பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் 33 வருசம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவன். "பேங்க் சார், கணக்குப் பாக்குற ஆளு நீங்கதான். பாத்துச் சொல்லுங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்த கணக்குதான் இந்தக் கட்டுரை.

நெடும்பாசேரியில் நடந்தது என்ன?

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். கொச்சி விமான நிலையம் 1999-ல் நெடும்பாசேரியில் திறக்கப்பட்டது. விமான நிலையம் என்றால் கரண்ட் பசி அதிகம். ராத்திரி பகலாக விளக்கு, குளிர்சாதனம், பெட்டி தள்ளும் பட்டை, ஓடுபாதை விளக்கு என்று ஓயாமல் ஓடும். அந்தச் செலவைக் குறைக்க 2013-ல் ஒரு கட்டடத்தின் கூரையில் 100 கிலோவாட் சோலார் போட்டுப் பார்த்தார்கள். அது சரியாக ஓடியதும் இன்னும் 1 மெகாவாட் சேர்த்தார்கள். பிறகுதான் சரக்கு முனையத்துக்குப் பக்கத்தில் 45 ஏக்கரில் 12 மெகாவாட் நிலையம். 2015 ஆகஸ்ட் 18-ல் அது தொடங்கியதும், முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் கிடைத்தது. 2018-ல் ஐ.நா.வின் 'பூமியின் சாம்பியன்' விருதும் வந்தது. பத்து சென்டில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஏக்கர் கணக்கில் இறங்குவது நம்ம வழக்கம். அவர்கள் செய்ததும் அதேதான்.

நமக்குப் பிடித்த விசயம் ஒன்றும் அங்கே இருக்கு. பேனல் மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும், அதனால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்த ஈரத்தில் பேனலுக்கு அடியில் புல் மண்டியது. புல்லோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் அங்கே காய்கறி போட்டார்கள். கருணைக்கிழங்கு, பயறு, முருங்கை, மஞ்சள் என்று இயற்கை முறையில் விளைவிக்கிறார்கள். கழுவின தண்ணீர் பாசனமாகிறது. பயிர் மூடாக்கு தூசியைக் கட்டுப்படுத்துகிறது, களையும் குறைகிறது.

சரி, ராத்திரி என்ன செய்வார்கள்? வங்கிக்காரனுக்குச் சிரிப்பு வந்த இடம் இதுதான். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தைக் கேரள மின்வாரியத்துக்குக் கொடுக்கிறார்கள், ராத்திரி தேவையானதை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பகலில் டெபாசிட், ராத்திரியில் வித்டிராயல்! வருசக் கடைசியில் போட்டதும் எடுத்ததும் சரிக்குச் சரியாக இருந்தால் கணக்கு பூஜ்யம். ஆனால் ராத்திரி கவுன்டரில் கிடைப்பது நீங்கள் காலையில் கட்டின அதே நோட்டு இல்லை. அது அணையில் விளைந்த கரண்டாகவும் இருக்கலாம், நிலக்கரியில் விளைந்ததாகவும் இருக்கலாம். கணக்கில் தப்பு இல்லை. ஆனால் இந்த 'பூஜ்யம்' வருசம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கிற பூஜ்யம்.

மழைக்காலத்தில் சூரியன் சோம்பினால்? அதற்கும் வழி தேடினார்கள். கோழிக்கோடு மாவட்டம் அரிப்பாறையில் 4.5 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் 2021-லும், பையனூரில் இன்னொரு 12 மெகாவாட் சோலார் 2022-லும் வந்தன. வெயிலில் ஒன்று கைகொடுக்கும், மழையில் இன்னொன்று. ஒரே பயிரை நம்பாத விவசாயி மாதிரி.

மூன்று பேரேடுகள்

இனி அந்த லேபிளுக்கு வருவோம். கார்பன் கணக்கு எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க மூன்று பேரேடு வைத்திருக்கிறார்கள்.

முதல் பேரேடு: நான் நேராக எரிப்பது. விமான நிலையத்தின் சொந்த ஜீப், தீயணைப்பு வண்டி, ஜெனரேட்டர் குடிக்கும் டீசல். ஏ.சி.யில் இருந்து கசியும் வாயுவும் இதில் சேரும்.

இரண்டாம் பேரேடு: நான் காசு கொடுத்து வாங்கும் மின்சாரம். புகை அனல் மின் நிலையத்தில் வந்தாலும் பற்று என் கணக்கில்தான்.

மூன்றாம் பேரேடு: என் தொழிலால் மற்றவர்கள் எரிப்பது. விமான நிலையம் என்றால் அங்கே வந்து போகும் விமானங்களின் எரிபொருள், பயணிகள் வரும் கார், சரக்கு கொண்டு வரும் லாரி.

நெடும்பாசேரி சூரிய மின்சாரத்தால் பூஜ்யமாக்கியது இரண்டாம் பேரேட்டை. வியாபாரி கொண்டு வந்த லேபிளோ மூன்றாம் பேரேட்டைப் பற்றியது. நம்ம முருங்கைக்காய் ஏர்போர்ட் விளக்கு வெளிச்சத்தில் துபாய் போகப் போவதில்லை. விமானத்தின் வயிற்றில் உட்கார்ந்துதான் போகணும்.

தரையில் குறைக்க என்ன வழி?

விமானம் பறக்கும்போது எரிப்பதை விமான நிலையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தரையில் நிற்கும்போதும் ஊரும்போதும் எரிப்பதைக் குறைக்க முடியும்.

விமானத்தின் வாலில் ஒரு சின்ன இன்ஜின் இருக்கு. பெரிய இன்ஜின்களை அணைத்து நிறுத்தியிருக்கும்போது உள்ளே விளக்கு, ஏ.சி. ஓட அது ஓடும். நடுத்தர விமானத்தில் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். டீக்கடை வாசலில் டிராக்டரை ஆஃப் பண்ணாமல் நிறுத்துகிற மாதிரி. இதற்குப் பதிலாக, விமானம் நிற்கும் இடத்திலேயே தரையில் இருந்து கரண்டும் குளிர்காற்றும் கொடுத்தால் அந்த இன்ஜினை அணைத்துவிடலாம். கொடுக்கும் கரண்ட் சூரிய மின்சாரமாக இருந்தால் முழு லாபம்.

அடுத்து ஊர்ந்து போவது. நிற்கும் இடத்தில் இருந்து ஓடுபாதை வரைக்கும் விமானம் தன் பெரிய இன்ஜின்களிலேயே ஊர்ந்து போகிறது. நிமிசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எரியும். டெல்லியில் 2019 அக்டோபரில் 'டாக்சிபாட்' என்ற இழுவை வண்டியைப் பயணிகள் விமானத்துக்கே பயன்படுத்தினார்கள். இன்ஜின் அணைந்திருக்க, வண்டி ஓடுபாதைப் பக்கம் வரைக்கும் இழுத்துப் போகும். ஓட்டுவது விமானிதான்.

இது போக, டீசல் வண்டிகளை மின்சார வண்டிகளாக்குவது, விளக்குகளை எல்.இ.டி. ஆக்குவது, ஏ.சி. இயந்திரங்களைச் சீராக்குவது என்று பட்டியல் நீளும். டெல்லி விமான நிலையம் 2022 ஜூன் முதல் நீர்மின்சாரத்திலும் சூரிய மின்சாரத்திலும் மட்டுமே ஓடுகிறது. எல்லாம் செய்ய வேண்டிய வேலை. எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஒரு நாள் சூரியனும் ஒரு விமானமும்

இப்போ பென்சிலை எடுப்போம்.

நெடும்பாசேரியின் 12 மெகாவாட் நிலையம் நாளுக்குச் சுமார் 50,000 யூனிட் கொடுத்தது. நம் நாட்டு மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு நாளில் மிச்சமானது சுமார் 35 டன்.

கொச்சியில் இருந்து துபாய் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 180 பேர் போகும் நடுத்தர விமானம் மணிக்கு இரண்டரை டன் எரிபொருள் என்று வைத்தால், மொத்தம் 10 டன். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். ஆக ஒரு பயணத்துக்குச் சுமார் 32 டன்.

அதாவது 45 ஏக்கர் பேனல் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று மிச்சப்படுத்தியதை, ஒரே ஒரு விமானம் ஒரு வழிப் பயணத்தில் செலவழித்துவிடுகிறது. இன்றைக்கு அவர்களுடைய சோலார் திறன் 50 மெகாவாட் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்படியே வைத்தாலும் நாலைந்து விமானத்துக்குத்தான் ஈடாகும். அங்கிருந்து ஒரு நாளில் கிளம்புவதோ பல பத்து விமானங்கள். இதில் நான் திரும்பி வருகிற பயணத்தைச் சேர்க்கவே இல்லை. உயரத்தில் விமானம் விட்டுப் போகும் வெண்கோட்டு மேகங்களும் பூமியைச் சூடாக்குகின்றன, அதையும் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை முடித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பா போட்டிருப்பேனோ என்று காலையில் எழுந்து திரும்பப் போட்டேன். அதேதான் வந்தது.

ஒரு கிலோ முருங்கைக்கு எவ்வளவு?

அந்த விமானம் ஆட்களும் சரக்குமாகச் சுமப்பது சுமார் 19, 20 டன். 32 டன் கரியமில வாயுவை அதில் பங்கு வைத்தால், ஒரு கிலோ காய்க்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வருகிறது. காயைவிடப் புகை கனம்.

ஒட்டன்சத்திரத்தில் இருந்து நெடும்பாசேரிக்கு லாரியில் எவ்வளவு? பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். 10 டன் ஏற்றிய லாரிக்கு 50 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.7 கிலோ என்றால் 135 கிலோ கரியமில வாயு. வண்டி காலியாகத் திரும்புவதையும் சேர்த்து 270 கிலோ. கிலோ காய்க்கு 27 கிராம். விமானத்தில் வருவது இதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல்.

இதை வியாபாரியிடம் போனில் சொன்னேன். "ஐயா, ஆளுங்களை ஏத்திக்கிட்டு அந்த விமானம் எப்படியும் போகத்தானே போகுது? காலியா கிடக்குற இடத்துல நம்ம காய் போகுது" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ரெண்டு விசயம். விமானத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் எரிபொருள் வேணும், பாரம் ஏற்றின வண்டி டீசல் குடிக்கிற மாதிரி. இரண்டாவது, சரக்கு வாடகையும் சேர்ந்துதான் அந்தப் பயணம் கட்டுபடியாகிறது. வருமானத்தில் பங்கு வாங்கினால் கடனிலும் பங்கு உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது தெரியும்!

சான்றிதழும் ஈடுகட்டலும்

விமான நிலையங்களுக்கு என்று ஒரு கார்பன் சான்று முறை 2009-ல் ஐரோப்பாவில் தொடங்கி, இப்போ உலகம் முழுக்க இருக்கு. நம்ம பி.ஜி.எஸ். சான்றில் படிப்படியாகப் போகிற மாதிரி, முதலில் அளப்பது, பிறகு குறைப்பது, அடுத்து விமான நிறுவனங்களையும் சேர்த்துக் குறைப்பது, மிச்சத்தை ஈடுகட்டி 'நடுநிலை' ஆவது என்று படிகள். டெல்லி 2016-ல் ஆசிய பசிபிக் பகுதியிலேயே முதலாவதாக அந்த நடுநிலைப் படியை எட்டியது.

ஈடுகட்டுவது என்றால், என்னால் குறைக்க முடியாததை வேறெங்கோ மரம் வைத்தவரிடமோ காற்றாலை போட்டவரிடமோ காசு கொடுத்து வாங்கி என் கணக்கில் வரவு வைப்பது. அந்த மரம் காய்ந்து போனால்? அந்தக் காற்றாலை எப்படியும் வந்திருக்கும் என்றால்? வங்கியில் இதைப் 'பத்திரம் இருக்கு, சொத்து இருக்கான்னு போய்ப் பாரு' என்று சொல்லுவோம். அளப்பதும் குறைப்பதும் நிஜம். ஈடுகட்டலை நேரில் போய்ப் பார்த்துத்தான் நம்பணும்.

காட்டாமணக்கு ஞாபகம் இருக்கா?

விமானத்தின் புகையைக் குறைக்க அடுத்து வரப்போவது பசுமை விமான எரிபொருள். பயன்படுத்திய சமையல் எண்ணெய், வேளாண் கழிவு, கரும்பு எத்தனால் இவற்றில் இருந்து தயாரிப்பது. பன்னாட்டு விமானங்களில் 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2, 2030-ல் 5 சதவீதம் கலப்பது என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் 27-ல் டேராடூனில் இருந்து டெல்லிக்கு ஒரு சோதனை விமானம் போனது. அதன் ஒரு இன்ஜினில் 25 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருள்.

காட்டாமணக்கு என்றதும் எனக்குப் பழைய ஞாபகம். இருபது வருசத்துக்கு முன்னால் தரிசு நிலத்தில் தங்கம் விளையும் என்று அதை ஊர் ஊராகக் கொண்டு வந்தார்கள். நானே கடன் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கேன். தண்ணீர் இல்லாமல் வளரும் என்றார்கள். வளர்ந்தது, காய்க்கவில்லை. தண்ணீர் விட்டால் காய்க்கும், ஆனால் அந்தத் தண்ணீருக்கு மக்காச்சோளமே போட்டிருக்கலாம். வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னவர்கள் அறுவடைக்கு வரவில்லை. கடன் மட்டும் வரவேண்டிய தேதிக்குச் சரியாக வந்தது. வேடசந்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று, "சார், நீங்க சொன்னீங்கன்னுதானே வச்சேன்" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கு.

அதனால் சொல்கிறேன். விமானத்துக்கு எரிபொருள் விளைவிக்க வாங்க என்று நாளை யாராவது வந்தால், எழுத்தில் கொள்முதல் விலை, தண்ணீர்த் தேவை, காய்க்கும் காலம் இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீங்க. பயிர்க்கழிவைக் கேட்டால், அது நம்ம மண்ணுக்குச் சேர வேண்டிய மூடாக்கு என்பதை நினைவில் வையுங்க.

எழுதப்படாத பேரேடு

இந்த மூன்று பேரேட்டிலும் கண்ணில் படாமல் போகிற ஒன்று இருக்கு. அது நிலம். 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் புதிய விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கர் அளவில் நிலம் வேணும். நெல் வயலும் ஏரியும் அதில் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடி வருகிறார்கள். நாளை அங்கே வரும் கட்டடம் சோலாரில் ஓடலாம், சான்றிதழும் வாங்கலாம். ஆனால் ஏரி பிடித்து வைத்திருந்த தண்ணீரும், வயல் மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கார்பனும் எந்தப் பேரேட்டில் வரும்? நெடும்பாசேரியே 2018 வெள்ளத்தில் ஆகஸ்ட் 15 முதல் 29 வரைக்கும் மூடிக்கிடந்தது. பேனல்களும் தண்ணீரில் நின்றன. தாழ்ந்த நிலத்தைத் தேடித் தண்ணீர் வரத்தான் செய்யும்.

நம்ம தோட்டத்துக் கணக்கு

அடுத்தவன் பேரேட்டை மட்டும் பார்த்தால் போதாது. நானும் என் தோட்டத்துக்கு மூன்று பேரேடு போட்டேன்.

முதலாவதில் பவர் டில்லர் டீசலும், ஈரமாகக் குவித்து விட்ட சாணக் குப்பையும். காற்றுப் புகாத குப்பைமேட்டில் மீத்தேன் கிளம்பும். இப்போ மாதம் ஒருமுறை புரட்டி விடுறோம். யூரியா போடாததால் நைட்ரஸ் ஆக்சைடு கணக்கு நமக்குக் குறைவு. அது கரியமில வாயுவைப்போல 270 மடங்கு சூடேற்றும் வாயு. இயற்கை விவசாயிக்கு நிஜமான வரவு இங்கேதான் இருக்கு.

இரண்டாவதில் மோட்டார். 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 4 யூனிட். நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 20 யூனிட், 14 கிலோ கரியமில வாயு. கரண்ட் இலவசம் என்பதால் இதை நான் எழுதினதே இல்லை. பில் வரவில்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமா? சொட்டுநீர் போட்டு, மூடாக்கு கூட்டி, ஓட்டத்தை 3 மணி நேரமாகக் குறைத்திருக்கேன். பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. பேனலை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அடியில் இஞ்சி, மஞ்சள் போடுவதாக யோசனை. இது நெடும்பாசேரியில் இருந்து கற்றது.

மூன்றாவதில் விளைபொருள் போகும் வழி. மேலே போட்ட முருங்கைக் கணக்கு இதில்தான் வரும்.

என்ன முடிவு எடுத்தோம்?

ஆனி மாதக் கூட்டத்தில் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எங்கள் குழுவிலேயே சின்னவர், முப்பது வயது இருக்கும், எழுந்து கேட்டார்: "சார், காய் விலையில்லாம செடியிலேயே முத்திக் காயுது. உலகம் சூடாகுறதை நான் மட்டுமா தடுக்கணும்? விமானத்துல போறவங்க யாரும் இந்தக் கணக்குப் போடுறாங்களா?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, விக்கிறதும் விக்காததும் உங்க இஷ்டம். நஷ்டத்தை யாரும் தாங்கச் சொல்லலை. ஆனா பொய் லேபிள் மட்டும் வேண்டாம். ரசாயனம் போட்டதை இயற்கைன்னு விக்கிறவங்களைப் பாத்து இத்தனை வருசம் வயிறு எரிஞ்சோம். நாமளே அதைச் செய்யலாமா?" என்று சொன்னேன்.

லேபிள் இல்லாமல் எடுத்தால் கூடுதல் விலை 12 இல்லை, 7 ரூபாய்தான் என்று வியாபாரி சொல்லிவிட்டார். மூன்று பேர் அந்த விலைக்கு ரெண்டு தடவை அனுப்பினார்கள். அந்தச் சின்னவரும் அதில் ஒருவர். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் காயை மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் இயற்கை அங்காடிகளுக்குப் பிரித்து அனுப்பினோம். வரும் சித்திரைக்கு வேறு திட்டம் வைத்திருக்கோம். காய் மலியும் மாதங்களில் மரத்தைக் கவாத்து செய்து, இலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்குவது. பொடி கெடாது, அவசரம் இல்லை, தூத்துக்குடியில் இருந்து கப்பலில் போகலாம். கப்பலில் வரும் புகை விமானத்தில் வருவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

நெடும்பாசேரி செய்தது நல்ல காரியம். அந்தப் பூஜ்யம் அவர்களுடைய மின்சாரக் கணக்குக்குச் சொந்தம். அதை எடுத்து நம்ம பெட்டியில் ஒட்ட நமக்கு உரிமை இல்லை. உங்கள் குழுவுக்கும் இப்படி ஒரு லேபிள் வந்தால், "இது எந்தப் பேரேட்டுப் பூஜ்யம்?" என்று முதலில் கேளுங்க.